பச்சை மண்ணும் சுட்ட மண்ணும்: விவிலியக் குயவன் உருவகத்துக்கு எழுந்த உரைகள்

வனையப்பட்ட பாண்டம் தன்னை வனைந்தவனிடம் கணக்குக் கேட்கலாமா? ஏசாயா நூலில் இரண்டு இடங்களில் எழும் இந்தக் கேள்வியைப் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில் மறுபடி எழுப்புகிறார். கடவுள் குயவன், மனிதர் களிமண் என்ற அளவில் உருவகம் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. அதிலிருந்து என்ன பெறப்படுகிறது என்பதில்தான் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாக வழக்கு ஓயவில்லை. யார் கரையேறுவார், யார் அழிவார் என்பதைக் கடவுள் முன்னமே முடிவு செய்துவிட்டார் என்று அது சொல்கிறதா? மனிதர் மனம் திரும்பினால் முடிவும் திரும்பும் என்கிறதா? அல்லது தனிமனிதரைப் பற்றிப் பேசாமல் இனங்களின் வரலாற்றை மட்டும் பேசுகிறதா? ஒவ்வொரு விடைக்கும் வேதத்திலேயே ஆதாரம் உண்டு. ஒவ்வொன்றையும் இடறச் செய்யும் வரியும் உண்டு.

விருத்தாசலத்திலிருந்து ஒரு பார்வை

இந்த உருவகத்தைப் பற்றிய உரைகளைப் பெரும்பாலும் எழுதியவர்கள் ஆயர்களும் துறவிகளும் பேராசிரியர்களும். மண்ணின் இயல்பை அறிந்துகொள்ள அவர்கள் எழுத்தைவிட நல்ல இடம் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலுக்குப் பெயர்பெற்ற இவ்வூருக்குப் பீங்கானாலும் ஒரு பெயர் உண்டு. பக்கத்தில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க அகற்றும் மண்ணடுக்குகளில் வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் இவ்வூரில் உள்ளன. மின்சார இன்சுலேட்டரும் ஃபியூஸ் கேரியரும் பொம்மையும் இங்கிருந்து வெளியூர்களுக்குப் போகின்றன.

அச்சுவார்ப்பு முறையில், அரைத்த களிமண்ணையும் ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் தூள்களையும் நீர்விட்டுக் கூழாக்கிப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, உட்சுவரில் பாலாடை படிவதுபோல் மண் படிந்து தடிக்கிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டுச் சற்றே உலரவிட்டால் பொம்மை அச்சைவிட்டுக் கழன்று வரும். அது உலரும்போது கீறல் விட்டாலோ கை தவறி உடைந்தாலோ மண் வீணாவதில்லை. தண்ணீரில் ஊறிக் கரைந்து மறுபடி கூழாகும். சூளையில் வெந்த பிறகு உடைந்தால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், களிமண்ணின் படிகக் கட்டமைப்பில் பிணைந்திருக்கும் நீர்க்கூறு வெளியேறுகிறது. அதன்பின் எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது குழையாது. இன்சுலேட்டருக்கான பீங்கான் 1,200 டிகிரிக்கு மேல் வெந்து, கண்ணாடித்தன்மை பெற்று, நீர் புகாததாகிறது.

விவிலியக் காலத்துக் குயவனுக்குப் பீங்கான் தெரியாது. அவன் வனைந்தது நீர் கசியும் எளிய மண்பாண்டம். ஆயினும் பச்சை மண்ணுக்கும் சுட்ட மண்ணுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோடு இரு தொழிலுக்கும் பொது. குயவனின் உரிமையைப் பற்றியும் மண்ணின் விருப்பத்தைப் பற்றியும் வாதாடியவர்கள் இந்தக் கோட்டைப் போதிய அளவு கவனித்தார்களா என்று கேட்டுக்கொண்டே பழைய விடைகளைப் பார்க்கலாம்.

உருவகத்தின் ஊற்றுகள்

மனிதனை மண்ணிலிருந்து கடவுள் உருவாக்கியதாகச் சொல்வது இஸ்ரவேலருக்கு மட்டும் உரிய எண்ணமன்று. எகிப்தியரின் க்னும் என்ற தெய்வம் குயவன் சக்கரத்தில் மனிதரை வனைந்தது. மெசபொத்தாமியாவின் அத்ரஹாசிஸ் காவியத்தில், கொல்லப்பட்ட ஒரு தெய்வத்தின் உடலோடும் குருதியோடும் களிமண் பிசையப்பட்டு மனிதர் உண்டாகிறார்கள். ஆதியாகமம் 2ஆம் அதிகாரம் களிமண் என்னாமல் நிலத்துப் புழுதியைச் சொல்கிறது. ஆனால் அங்கே கடவுளின் செயலுக்கு வரும் எபிரெய வினை, குயவனைக் குறிக்கும் பெயரோடு ஒரே வேர் கொண்டது.

உருவகம் முழு உருவம் பெறுவது எரேமியா 18ஆம் அதிகாரத்தில். தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குப் போகிறார். சக்கரத்தில் இருந்த பாண்டம் கையிலேயே கெட்டுப்போகிறது. குயவன் அதே மண்ணை வேறு பாண்டமாக வனைகிறான். இஸ்ரவேல் வீட்டாரும் தம் கையில் அப்படித்தான் என்கிறார் கடவுள். அடுத்த வரிகள் ஒரு நிபந்தனையைச் சேர்க்கின்றன: அழிக்கக் குறித்த ஓர் இனம் தீமையை விட்டுத் திரும்பினால் அவரும் மனம் மாறுவார், நன்மைக்கெனக் குறித்த இனம் தீமை செய்தால் அந்த நன்மையும் நின்றுபோகும்.

பவுலுக்கு முந்தைய யூத நூல்களிலும் குயவன் வருகிறான். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த சீராக்கின் ஞானம், காலால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே வேலை செய்து, கடைசியில் சூளையைத் துப்புரவு செய்யக் கண்விழித்திருக்கும் குயவனை அருகில் நின்று பார்த்தவர்போல் வருணிக்கிறது. சாலமோனின் ஞானம், ஒரே மண்ணில் தூய புழக்கத்துக்கும் இழிந்த புழக்கத்துக்கும் பாண்டம் செய்பவனைக் காட்டுகிறது. அதே மண்ணில் அவன் பொய்த் தெய்வத்தையும் செய்கிறான் என்று பழிக்கிறது. பவுலின் வரிகளுக்கு இவ்விரு நூல்களும் பின்னணியாக இருந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து.

முதல் நிலைப்பாடு: வனைபவனின் உரிமை

ஒரே மண்ணிலிருந்து மதிப்புள்ள பாண்டத்தையும் மதிப்பற்ற பாண்டத்தையும் வனையக் குயவனுக்கு அதிகாரம் உண்டு என்கிறார் பவுல். இந்த வரியை முழுப் பொருளில் எடுத்துக்கொண்டவர்களில் முதன்மையானவர் அகுஸ்தீன். சிம்பிளிசியானுக்கு ஏறத்தாழ 396இல் எழுதிய விடையில், அந்த மண்ணுருண்டை ஆதாமின் பாவத்தால் கெட்டுப்போன மனிதகுலம் என்றார். எல்லோரும் தண்டனைக்குரியவர்கள், சிலரைக் கடவுள் இரக்கத்தால் எடுத்து வனைகிறார், மற்றவர்களுக்கு நீதி செய்கிறார். 1525இல் எராஸ்மஸுக்கு மறுப்பெழுதிய லூத்தரும், பின்னர் கால்வினும் இவ்வழியில் மேலும் நடந்தார்கள். 1618–19இல் கூடிய டோர்ட் மாமன்றம் முன்தெரிவுக் கொள்கையைச் சீர்திருத்த சபைகளின் அறிக்கையாக்கியது.

இதன் வலிமை ரோமர் 9ஆம் அதிகாரத்தின் போக்கில் இருக்கிறது. யாக்கோபும் ஏசாவும் நன்மை தீமை செய்யுமுன்பே தெரிவு நடந்துவிட்டது என்று பவுல் வலியுறுத்துகிறார். மனிதரின் வருங்கால நடத்தையை முன்னறிந்துதான் கடவுள் தெரிந்துகொண்டார் என்பது விடையாக இருந்தால், அதை ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். பவுல் அப்படிச் சொல்லவில்லை.

பலவீனங்களும் உண்டு. மண்ணுருண்டை கெட்டது என்று பவுல் எங்கும் எழுதவில்லை. அது அகுஸ்தீன் சேர்த்தது. உடைப்பதற்கென்றே பாண்டம் வனையும் குயவன் இல்லை. மதிப்பற்ற பாண்டமும் வீட்டில் புழங்கத்தான் செய்கிறது. அழிவுக்கு ஆயத்தமான பாண்டங்களை ஆயத்தப்படுத்தியவர் யார் என்பதைப் பவுலின் கிரேக்க வாக்கியம் வெளிப்படையாகச் சொல்லாமல் விட, மகிமைக்குரியவற்றை ஆயத்தப்படுத்தியவர் கடவுள் என்று அடுத்த வசனம் நேராகவே சொல்கிறது. 11ஆம் அதிகாரத்தின் முடிவு எல்லோர்மீதும் இரக்கம் என்று விரிகிறது. சிலரை மீட்புக்கும் சிலரை அழிவுக்கும் கடவுள் முன்குறித்தார் என்ற இரட்டை முன்தெரிவோடு இவற்றைப் பொருத்துவது எளிதன்று.

முற்றதிகாரத்துக்கு இந்த உருவகம் இயல்பாகப் பொருந்தும் என்பதற்குத் தமிழிலும் சான்று உண்டு. சோழன் நலங்கிள்ளியைப் பாடிய கோவூர் கிழார், குயவர் சிறுவர் சக்கரத்தில் வைத்த பசுமண் அவர்கள் நினைத்த வடிவம் கொள்வதுபோல நாடு மன்னனின் எண்ணத்துக்கு அடங்கியது என்கிறார். புறநானூற்றின் 32ஆம் பாட்டு இது.

இரண்டாம் நிலைப்பாடு: மண்ணுக்கும் பங்கு உண்டு

3ஆம் நூற்றாண்டில் ஒரிகன் முன்தெரிவு வாசிப்பை மறுத்தார். அவர் துணைக்கு எடுத்தது தீமோத்தேயுவுக்கு எழுதிய 2ஆம் நிருபம். பெரிய வீட்டில் பொன், வெள்ளிப் பாத்திரங்களோடு மரத்தாலும் மண்ணாலும் ஆனவையும் உண்டு; தன்னைத் தூய்மையாக்கிக்கொள்பவன் மதிப்புள்ள பாத்திரம் ஆவான் என்கிறது அது. எனவே பாத்திரத்தின் மதிப்பு அதன் நடத்தையையும் பொறுத்தது என்றார் ஒரிகன். 4ஆம் நூற்றாண்டு இறுதியில் கிறிசோஸ்தோம், பவுல் இங்கே மனித விருப்பத்தை ஒழிக்க வரவில்லை, எதிர்த்துப் பேசும் வாயை அடக்கவே வந்தார் என்றும், உவமையை எல்லா உறுப்புகளிலும் பொருத்தக்கூடாது என்றும் உரைத்தார். 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸும், அவருக்குப் பின் அர்மீனியஸும், 18ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லியும் தத்தம் வழியில் இத்தரப்பில் நின்றார்கள்.

இவர்களுக்குப் பெருந்துணை எரேமியா 18. அங்கே குயவன் உருவகமும் மனந்திரும்பினால் மாறும் தீர்ப்பும் ஒரே அதிகாரத்தில் ஒட்டி நிற்கின்றன. ஆனால் நிபந்தனை சொல்லும் 7 முதல் 10 வரையான வசனங்கள் பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்த விரிவு என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது சரியானால், மூலச் செய்தி குயவனின் அதிகாரத்தை மட்டுமே சொல்லியிருக்கக்கூடும். நூலாக நம் கையில் இருப்பது இணைந்த வடிவமே என்பது எதிர்த்தரப்பின் விடை. மேலும், கையில் மண் கெட்டது யார் குறையால் என்று எரேமியா சொல்வதில்லை. மண் தானே முரண்டு பிடித்தது என்று வாசிப்பதற்கு இடம் உண்டு, கட்டாயம் இல்லை.

மூன்றாம் நிலைப்பாடு: இனங்களின் வரலாறு

20ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்ற வாசிப்பு, இருதரப்பும் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தன என்கிறது. எரேமியாவின் மண் இஸ்ரவேல் வீடு. ஏசாயா 45இல் கேள்வி எழுவது, பாரசீக அரசன் கோரேசைக் கடவுள் தம் கருவியாக்கியதை ஒட்டி. ரோமர் 9 முதல் 11 வரை பேசப்படுவது யூதரும் புறவினத்தாரும் மீட்பின் வரலாற்றில் பெறும் இடம். ஆகவே தனி ஆளின் சொர்க்க நரகத்தை இந்த மண்ணில் தேடவேண்டியதில்லை. 1942இல் வெளிவந்த கார்ல் பார்த்தின் தெரிவுக் கோட்பாடு சற்றே வேறு வழியில் சென்று, தெரிந்துகொள்ளப்பட்டவரும் தள்ளப்பட்டவரும் கிறிஸ்துவே என்று மையத்தை மாற்றியது.

இந்த வாசிப்பு உருவகத்தை அதன் வரலாற்றுச் சூழலில் நிறுத்துகிறது. ஆனால் பார்வோனும் ஏசாவும் பவுலின் வாதத்தில் ஆட்களாகவே வருகிறார்கள். ரோமர் 9இன் 24ஆம் வசனம் யூதரிலிருந்தும் புறவினத்தாரிலிருந்தும் அழைக்கப்பட்டவர்களைப் பேசுகிறது. 1983இல் ஜான் பைப்பர் இவற்றைக் கொண்டு தனிமனிதத் தெரிவை மறுபடி நிலைநாட்ட முயன்றார். இனம் என்பது ஆட்களால் ஆனதுதானே என்ற கேள்வியை மூன்றாம் நிலைப்பாடு முழுவதும் தாண்டிவிடவில்லை.

நான்காம் நிலைப்பாடு: உறவின் மன்றாட்டு

ஏசாயா 64, கடவுளைத் தகப்பன் என்றும் குயவன் என்றும் ஒரே வசனத்தில் அழைக்கிறது. அங்கே மண் பேசுவது அடங்கிப்போவதற்காக அன்று. உம் கைவேலையைக் கைவிடாதீர் என்று கெஞ்சுவதற்காக. யோபு 10இல் மண் ஒருபடி மேலே போகிறது: களிமண்ணாக என்னை உருவாக்கியவர் மறுபடி புழுதியாக்குவாரா என்று நேருக்கு நேர் கேட்கிறது. நூலின் முடிவில் கடவுள் கண்டிப்பது யோபின் நண்பர்களை. யோபு பேசியது சரி என்கிறார். பாண்டம் வனைந்தவனைக் கேட்கக் கூடாது என்ற வரியோடு, கேட்ட ஒரு பாண்டம் ஏற்கப்பட்டதும் அதே வேதத்தில் இருக்கிறது.

யூதர்கள் பாவநிவாரண நாளின் இரவில் பாடும் இடைக்காலப் பாட்டு ஒன்று, குயவன் கை மண்ணில் தொடங்கி, கொத்தன், கொல்லன், மாலுமி என்று பல தொழிலாளர் கைகளை அடுக்கி, குற்றஞ்சாட்டுபவனைப் பாராமல் உடன்படிக்கையைப் பாரும் என்று வேண்டுகிறது. அடிலெய்ட் பொல்லார்ட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய புகழ்பெற்ற ஆங்கிலக் கீர்த்தனையும், அதேபோல் உம் சித்தப்படி வனையும் என்று வேண்டும் தமிழ்க் கிறிஸ்தவப் பாடல்களும் பக்தியின் பக்கம் நிற்பவை. இறையியல் தர்க்கத்துக்கு இவை விடையளிப்பதில்லை. தர்க்கம் கேட்கும் கேள்வியையே வேறாக்குகின்றன.

பிறப்பின் நிழலில் ஒரு வாசிப்பு

தமிழ்நாட்டில் இந்த உருவகத்துக்கு இன்னொரு சுமை ஏறுகிறது. மதிப்புக்கு ஒரு பாண்டம், மதிப்பின்மைக்கு ஒரு பாண்டம், இரண்டும் வனைந்தவன் விருப்பம் என்று கேட்கும் காதில், பிறப்பால் உயர்வு தாழ்வு என்ற பழைய குரல் ஒலிக்க வாய்ப்பு அதிகம். சபைக்குள்ளேயே சாதி இருந்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே முற்றாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். அதை ஏற்காத பலர் சபையைவிட்டு விலகினார்கள். திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலே சாதிவாரியாக இரு கைகளாகக் கட்டப்பட்டது.

1980களில் அர்விந்த் நிர்மல் முன்வைத்த தலித் இறையியல், ஒடுக்கப்பட்டவரின் துயர அனுபவமே இறையியலின் தொடக்கம் என்றது. அந்த இடத்திலிருந்து பார்த்தால், குயவனின் உரிமையைப் பேசும் வாசிப்பு நடைமுறையில் யாருக்கு வசதியாக இருக்கிறது என்ற கேள்வி எழும். இதற்கு எதிராக இரண்டு குறிப்புகள் சொல்லலாம். பவுல் உடைக்க முயல்வது பிறப்புரிமையின் பெருமையைத்தான். மூத்தவன் இளையவனுக்குப் பணிவான் என்பது அவர் எடுத்துக்காட்டு. இரண்டாவது, கடவுளுக்கு வேதம் தரும் உருவம் அரசனோ ஆசாரியனோ அல்ல, கைகால் சேறாக உழைக்கும் தொழிலாளி. தில்லைக் குயவரான திருநீலகண்டரை நாயன்மார் வரிசையில் வைத்துக் கும்பிடும் பகுதியில் இதை விளக்கப் பாடுபடவேண்டியதில்லை. ஆனாலும் உரைகாரரின் நோக்கம் வேறு, சொல் போய்ச் சேரும் இடம் வேறு. இந்த விமரிசனத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

சூளைக்கு முன்னும் பின்னும்

குயவனையும் மண்ணையும் பேசும் வசனங்களை மண்ணின் நிலைப்படி பிரித்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. எரேமியா 18, ஏசாயா 64, ரோமர் 9 ஆகியவற்றில் இருப்பது பச்சை மண். எரேமியா 19இல் நிலைமை வேறு. தீர்க்கதரிசி சுட்ட ஜாடி ஒன்றை வாங்கி, மூப்பரோடு இன்னோம் பள்ளத்தாக்குக்குப் போய், அவர்கள் கண்முன் உடைக்கிறார். இனி ஒட்டவைக்க முடியாதபடி நகரம் உடையும் என்கிறார். ஏசாயா 30, அடுப்பிலிருந்து நெருப்பு எடுக்கக்கூட ஓடு மிஞ்சாத உடைப்பைச் சொல்கிறது. சங்கீதம் 2இல் இரும்புக்கோல் நொறுக்குவதும் சுட்ட கலத்தை. லேவியராகமம் 6இன்படி பாவநிவாரணப் பலி வெந்த மண்பாண்டத்தை உடைத்துவிட வேண்டும். வெண்கலப் பாத்திரத்தைத் துலக்கினால் போதும். உறிஞ்சியதை மண்பாண்டம் விடாது என்பதே காரணமாகலாம். கொரிந்தியருக்கு எழுதிய 2ஆம் நிருபத்தில், மண்பாண்டத்தில் வைத்த பொக்கிஷம் என்பது எளிதில் உடையும் கலத்தைச் சொல்கிறது.

மேலோட்டமாக, பச்சை மண் திருத்தத்துக்கும் சுட்ட மண் தீர்ப்புக்கும் குறியாக நிற்கின்றன. எரேமியாவின் 18ஆம் 19ஆம் அதிகாரங்கள் அடுத்தடுத்து இருப்பதால், மாற இடம் உள்ள காலம் ஒன்று, அது முடியும் காலம் ஒன்று என்ற வாசிப்பு இயல்பாகவே எழுகிறது. அப்படியானால் முதல் இரு நிலைப்பாடுகளும் ஒரே கதையின் இரு கட்டங்களைப் பிடித்துக்கொண்டு சண்டையிடுகின்றன எனலாம். ஒரிகனின் சான்றும் மறுபரிசீலனைக்கு உரியதாகிறது: தீமோத்தேயு நிருபத்தில் இருப்பவை புழக்கத்துக்கு வந்துவிட்ட பாத்திரங்கள், அவற்றைக் கொண்டு சக்கரத்திலிருக்கும் மண்ணைப் பற்றி முடிவு சொல்வது எவ்வளவு பொருந்தும்?

தமிழ்ப் புலவர்களும் ஏறத்தாழ இதே பிரிவைப் பின்பற்றியிருக்கிறார்கள். அதிகாரத்துக்குக் கோவூர் கிழார் பசுமண்ணை எடுத்தார். சோழன் கிள்ளிவளவன் மறைந்தபோது ஐயூர் முடவனார் பாடியது சூளைப் புகை சூழ்ந்த குயவனை (புறநானூறு 228). கணவனை இழந்தவள் தாழியை அகலமாக வனையச் சொல்வது 256ஆம் பாட்டு. மத்தேயு 27இல் முப்பது வெள்ளிக்காசில் அந்நியரைப் புதைக்க வாங்கப்பட்டதும் குயவனின் நிலம். முற்றுப்பெற்ற கலமும் மரணமும் இரண்டு மரபுகளிலும் அருகருகே நிற்பது தற்செயலாக இருக்கலாம். தொழிலின் இயல்பாகவும் இருக்கலாம்.

இந்த வாசிப்புக்கும் குறைகள் உண்டு. எரேமியாவின் இரு காட்சிகளை அருகில் வைத்தவர் தொகுப்பாசிரியராக இருக்கக்கூடும். ரோமர் 9இல் பவுல் சூளையைப் பேசவே இல்லை. ஒரே மண்ணுருண்டையில் தொடங்கிய அவர் முடிந்த பாண்டங்களுக்கு இடைவெளியின்றித் தாவிவிடுகிறார். நெருப்பு எப்போதும் தீர்ப்பு என்பதும் இல்லை. சீராக்கின் ஞானத்தில் சூளை பாண்டத்தைச் சோதிக்கும் இடமாகிறது, சோதனையில் தேறுவது நல்ல கலம். விருத்தாசலத்துத் தொழிலாளியைக் கேட்டாலும் சுடாத பொம்மை சரக்காகாது என்பார்.

எஞ்சி நிற்பவை

நான்கு நிலைப்பாடுகளில் எதுவும் எல்லா வசனங்களையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளவில்லை. எரேமியாவும் ஏசாயாவும் முதலில் சமூகத்தைப் பேசினார்கள் என்பதில் இன்று பெரும்பாலும் ஒத்த கருத்து உண்டு. பவுல் அதைத் தனிமனிதருக்கு எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்பது தீரவில்லை. அகுஸ்தீன் மண்ணுக்கு ஏற்றிய பாவத்தை மூல வாசகம் தாங்குவதாகத் தெரியவில்லை. ஒரிகன் மண்ணுக்குக் கொடுத்த விருப்பத்தையும் ரோமர் 9 மட்டும் தாங்காது. யோபின் கேள்வியை உருவகத்தின் உறுப்பாகச் சேர்த்து எழுதிய உரைகள் குறைவு. அந்தத் திசையில் செய்ய வேண்டியது மிச்சம் இருக்கிறது.

மண்ணின் நிலையைக் கவனிப்பது வழக்கைத் தீர்த்துவிடாது. எந்த வசனத்தை எந்த வசனத்தோடு சேர்த்து வாசிக்கலாம் என்பதற்கு அது ஓர் அளவுகோல் தருகிறது. பச்சை மண்ணைப் பேசும் வரியிலிருந்து மாறாத விதியைப் பெறுவதும், சுட்ட கலத்தைப் பேசும் வரியிலிருந்து எப்போதும் திருத்தலாம் என்ற உறுதியைப் பெறுவதும் கூடுதல் ஆதாரம் கேட்கும் முடிவுகள். அந்த ஆதாரத்தைத் தரும் பொறுப்பு இனி அப்படி வாசிப்பவரையே சாரும்.